ஜனவரியில் சேர்கிறார்கள், ஆகஸ்டில் போகிறார்கள்: சின்னத் தனியார் பாடசாலைக்கு ஆசிரியர் பிடிப்பது எப்படி?

ஹட்டன்_நிர்வாகி

ஹட்டன் பக்கம் ஒரு சின்னத் தனியார் பாடசாலையின் நிர்வாகத்தைப் பார்க்கிறேன். பெயர் வேண்டாம், ஊருக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்பள்ளி முதல் தரம் 9 வரை, ஆங்கில மொழிமூலம், பிள்ளைகள் 180 பேர், ஆசிரியர்கள் 14 பேர். கட்டடம் வாடகை. பெற்றோரில் பாதிப்பேர் டவுனில் கடை வைத்திருப்பவர்கள், மீதிப்பேர் தோட்டத்தில் பிறந்து கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்துக் காசு அனுப்புகிறவர்கள்.

பிரச்சினை என்னவென்றால் ஆசிரியர் நிற்பதில்லை. ஜனவரியில் சேர்கிறார்கள், பிள்ளைகளின் பெயர் மனதில் பதிகிற நேரம் ஏப்ரல் லீவு வந்துவிடும், இரண்டாம் தவணையில்தான் ஒழுங்காகப் படிப்பிக்கவே தொடங்குகிறார்கள், ஆகஸ்ட் லீவு முடிந்து திறக்கிற அன்று காலையில் வட்ஸ்அப்பில் ஒரு வரி: "சேர், எனக்கு கவர்மென்ட் டீச்சர் நியமனம் வந்திருக்கு." வாழ்த்தாமல் இருக்க முடியுமா? வாழ்த்திவிட்டு நேரசூசியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கணிதமும் விஞ்ஞானமும்தான் பெரிய தலையிடி.

சம்பளத்தை அரசாங்கத்துக்குச் சமமாகக் கொடுங்கள் என்று சொல்ல வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அந்தக் காசு எங்களிடம் இல்லை. அது தவிர வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை_வாத்தியார்

தம்பி, முதலில் நியமனத்தோடு மல்லுக்கட்டுவதை விடுங்கள். தோற்றுப்போவீர்கள். மலையகத்தில் அரசாங்க ஆசிரியர் வேலை என்றால் வெறும் சம்பளம் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான், அதுவரை ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். பிறகு தோட்டத்துப் பிள்ளைகளுக்கே ஆசிரிய நியமனம் கிடைக்க ஆரம்பித்த காலத்தில்தான் எங்களில் பல குடும்பம் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியே வந்தது. என் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தது நான் சம்பளம் எடுத்த பிறகு. அந்த ஞாபகம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கல்யாணப் பேச்சில் "பொண்ணு கவர்மென்ட் டீச்சர்" என்ற வார்த்தைக்கு இருக்கிற எடையை உங்கள் சம்பளச் சீட்டால் வாங்க முடியாது.

இன்னொன்று பாருங்கள். 2014, 15 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் எடுத்தார்களே, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றால் அதைவிடக் கூட வந்திருக்கும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் போனார்கள், பிறகு அதை 10,000 ஆக்கவே எவ்வளவு போராட்டம். பின்னால் நிரந்தரம் வரும், ஓய்வூதியம் வரும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவ்வளவு பேரும் நின்றார்கள்.

ஆகையால் நியமனத்துக்குக் காத்திருக்காத ஆட்களைத் தேடுங்கள். ஓய்வு வயதை 65இல் இருந்து 60க்குக் குறைத்ததும் 2022 டிசம்பர் கடைசியோடு எங்கள் செட்டில் நிறையப்பேர் ஒரேயடியாக வெளியே வந்தோம். உடம்பில் தெம்பு இருக்கிறது, கையில் ஓய்வூதியம் இருக்கிறது, வீட்டில் இருந்தால் மனுசிக்குத் தொந்தரவு. வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டால் வருவோம்.

முன்னாள்_மிஸ்

வாத்தியார் சேர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நிர்வாகி சேருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "நியமனம் வந்திருக்கு" என்று சொல்கிற எல்லாருக்கும் நியமனம் வந்ததில்லை. அது மரியாதையாக விலகுவதற்கு ஒரு வழி. அதைச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், பிறகு தெருவில் கண்டால் முகம் பார்த்துச் சிரிக்கலாம்.

நான் இரண்டு இடத்தில் படிப்பித்தேன். ஒரு இடத்தில் சம்பளம் சில மாதம் 7ஆம் திகதி, சில மாதம் 15, கேட்டால் "பெற்றோர் இன்னும் கட்டவில்லை மிஸ்". பெற்றோர் கட்டாததற்கு என் வீட்டு வாடகைக்காரர் என்ன செய்வார்? டிசம்பருக்குச் சம்பளமே இல்லை, சேரும்போது அதை யாரும் சொல்லவும் இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு மூடி பஸ் வரவில்லை, நடந்து போய் ஒன்பது மணிக்குச் சேர்ந்தேன், மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்தால் அரை நாள் வெட்டு. தோட்டத்தில் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவது போலத்தான், என்ன, கையில் கூடைக்குப் பதில் மார்க்கர் பேனா. இத்தனைக்கும் அந்த வாரம் இரண்டு நாள் பின்னேரம் நான்கு மணி வரை விளையாட்டுப் போட்டிக்கு நின்றேன், அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மற்ற இடத்தில் என் மூலச் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். திருப்பி வாங்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது.

இதெல்லாம் உங்கள் பாடசாலையில் நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் போனவர்களில் யாரிடமாவது பிறகு ஒரு தரம் போன் பண்ணிக் கேட்டீர்களா?

ஹட்டன்_நிர்வாகி

@முன்னாள்_மிஸ் சான்றிதழ் எதையும் நாங்கள் வாங்கி வைப்பதில்லை, போட்டோ கொப்பி மட்டும்தான். சம்பளம் 5ஆம் திகதிக்கு முன்னால் போட்டுவிடுவோம். டிசம்பருக்குப் பாதிச் சம்பளம், அதைச் சேரும்போதே சொல்கிறோம், காரணம் அந்த மாதம் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. முழுதாகக் கொடுக்க ஆசைதான், கணக்கு இடிக்கிறது.

கணக்குப்பிள்ளை

கணக்கு இடிக்கிறது என்றீர்கள், அதனால் வந்தேன். என் தொழில் அதுதான். உங்கள் கட்டணம் எனக்குத் தெரியாது, ஒரு உதாரணத்துக்கு மாதம் 6,000 என்று வைப்போம். 180 பிள்ளைகள், 10,80,000 ரூபா. 14 ஆசிரியருக்குச் சராசரி 45,000 என்றால் 6,30,000. அதற்கு மேல் முதலாளி பங்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், ஆக 94,500. மிஞ்சுவது 3,55,500, அதில் வாடகை, கரண்ட், வேன், டீசல், ஆயா, எல்லாம். சரி, இறுக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். தவணை நடுவில் கணித மிஸ் போகிறார், இரண்டு மாதம் அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, ஜனவரியில் 15 பிள்ளைகள் வேறு பாடசாலைக்குப் போகிறார்கள். 15 பெருக்கல் 6,000, மாதம் 90,000 போய்விட்டது. 14 பேருக்கும் ஆளுக்கு 5,000 கூட்டிக் கொடுத்தால் ஈ.பி.எப்., ஈ.டி.எப். சேர்த்து எவ்வளவு? 80,500. கூட்டிக் கொடுக்காமல் இருப்பதுதான் மலிவு என்று நினைக்கிற நிர்வாகிகள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் போனால் நட்டம் எந்த வவுச்சரிலும் வராது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

டிசம்பர் விஷயம் இன்னும் லேசு. வருடக் கட்டணத்தைப் பதினொன்றால் பிரித்து வாங்குகிறீர்கள், பன்னிரண்டால் பிரித்து வாங்குங்கள். மாதக் கட்டணம் குறையும், பெற்றோருக்கும் பாரம் தெரியாது, டிசம்பரிலும் காசு வரும். இதைச் செய்ய ஒரு கூட்டம் போட்டால் போதும்.

அப்புறம் சில இடங்களில் 25,000க்கு ஆசிரியர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த சம்பளமே 27,000 ஆனது. 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ஆனதே, 25 நாள் பேர் விழுந்தால், அதாவது 25 நாள் முழுச் சம்பளம் கிடைத்தால், 33,750. அம்மா மலையில் எடுக்கிற காசைவிடக் குறைந்த காசுக்கு மகளை டீச்சராக வா என்று கூப்பிட்டால் எத்தனை நாளைக்கு வருவாள்?

மூன்று_பிள்ளை_அம்மா

என் மகன் தரம் 4. இந்த வருடம் மட்டும் மூன்று கிளாஸ் டீச்சர். முதல் மிஸ் 'ஜே' எழுத்தை ஒரு விதமாக எழுதச் சொன்னார், அடுத்தவர் வேறு விதம், இப்போது வந்தவர் இரண்டையும் சிவப்பு மையில் வெட்டுகிறார். பிள்ளை எழுதவே பயப்படுகிறான். கட்டணம் கூட்டினால் திட்டுவோம்தான், ஆனால் அதே டீச்சர் இருக்கிறார் என்றால் கட்டிவிடுவோம். இதை யாரும் எங்களிடம் கேட்பதில்லை. புதிய ஸ்மார்ட் போர்ட் வாங்கியிருக்கிறோம் என்று மட்டும் மெசேஜ் வருகிறது.

ஊவா_அக்கா

பண்டாரவளைப் பக்கம் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்களிடமும் போகிறார்கள், ஆனால் இப்போது குறைவு. ஆள் எடுக்கிற முறையை மாற்றினோம், அதைச் சொல்கிறேன்.

நேர்முகத்தில் கேள்வி கேட்பதைக் குறைத்துவிட்டோம். "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்" என்று கேட்டால் எல்லாரும் அழகாகத்தான் சொல்வார்கள். அதற்குப் பதில் உண்மையான வகுப்பில் இருபது நிமிடம் விடுகிறோம், நாங்கள் பின்னால் உட்காருவோம். ஒரு பிள்ளை வந்தாள், பட்டம் கிடையாது, உயர்தரம் கணிதப் பிரிவு, பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. தரம் 6க்குப் பின்னம். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னாள், முன் வரிசைப் பையன் ஒருவன் ஓடிப்போய் போர்டில் ஏழில் இரண்டு என்று எழுதினான். எங்களிடம் வருகிற பலர் உடனே அழித்துவிட்டுச் சரியான முறையை எழுதிக் காட்டுவார்கள். இவள் அழிக்கவில்லை. "உன்னிடம் மூன்றில் ஒரு பங்கு கேக் இருந்தது, நான் இன்னும் கொஞ்சம் தந்தேன். இப்ப கூடியிருக்கா குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். கூடியிருக்கு என்றான். "அப்ப ஏழில் இரண்டு, மூன்றில் ஒன்றை விடப் பெரிசா?" வகுப்பே கணக்குப் போட ஆரம்பித்தது. படம் வரைந்து பார்த்து, குறைகிறது மிஸ் என்று அவனே சொன்னான், அவனே அழித்தான். வெளியே வந்ததும் எங்கள் அதிபர் என்னிடம் கேட்டது, "எப்ப இருந்து வரச் சொல்லலாம்?" பட்டச் சான்றிதழோடு வந்த இரண்டு பேரை விட்டுவிட்டு அவளை எடுத்தோம்.

அப்படிப்பட்ட பிள்ளைகளை எடுத்தால் ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்பீர்கள். போவார்கள், போகட்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு எங்களிடம் இருந்தும் போயிருக்கிறார்கள். ஆனால் அழைப்பு வரும்வரை இருப்பார்கள், அது எப்போது என்று எங்களுக்கும் முன்கூட்டியே தெரியும், அதற்குள் அடுத்தவளைப் பழக்கிவிடுவோம். திடீரென்று போவதுதான் பிள்ளைகளுக்குக் கெடுதி.

மற்றது கல்யாணம் முடித்து இந்த ஊரிலேயே வீடு வாசல் என்று இருக்கிற பெண்கள். வெளியூரில் இருந்து ஆள் எடுத்தால் போடிங் காசு, வார இறுதிப் பஸ், பனிக்குளிர், ஒரு தவணையில் அலுத்துவிடும். எங்களிடம் அதிக காலம் நிற்பவர்கள் அம்மாக்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, பேறுகால லீவு 84 நாள் முணுமுணுக்காமல். போன இடத்தில் எல்லாம் "அடுத்த பிள்ளை எப்போது" என்று நேர்முகத்தில் கேட்டார்கள் என்று ஒரு மிஸ் சொல்லிச் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது?

நேர்பேச்சு

எல்லாரும் நல்லவர்களாக எழுதுகிறீர்கள். நானும் ஒரு சின்ன இன்டர்நேஷனல் ஸ்கூல் நடத்தியவன். பயிற்சி கொடுத்து, கொழும்புக்குச் செயலமர்வுக்கு அனுப்பி, எல்லாம் பழகினதும் மாலைதீவுக்குப் போய்விட்டார் ஒருவர். இரண்டு வருட ஒப்பந்தம், இடையில் போனால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கினால்தான் சரிவரும். சான்றிதழ் வாங்கி வைப்பதும் சும்மா இல்லை, பட்ட காயத்தில் வந்தது.

கணக்குப்பிள்ளை

@நேர்பேச்சு எத்தனை பேரிடம் அந்த மூன்று மாதச் சம்பளத்தை வாங்கினீர்கள் அண்ணே?

நேர்பேச்சு

ஒருவரிடமும் இல்லை. வழக்குப் போட்டால் லோயருக்குக் கொடுக்கிற காசு அதைவிடக் கூட.

முன்னாள்_மிஸ்

அதேதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்து நல்ல ஆட்கள் சேராமலே போய்விடுவார்கள், வேறு இடம் கிடைக்காதவர்கள்தான் கையெழுத்துப் போடுவார்கள். சான்றிதழ் பூட்டி வைக்கிறார்கள் என்ற கதை டவுனில் ஒரே வாரத்தில் பரவும். பாடசாலைக்குப் பெயர் போவது பெற்றோரிடம் மட்டும் இல்லை, ஆசிரியர்களிடமும்தான்.

ரிலீப்_ராணி

இப்போது வேலையில் இருப்பவள், அதனால் இடம் சொல்ல மாட்டேன். என் பெயரைப் பார்த்தே விஷயம் புரிந்திருக்கும், லீவு போட்டவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதுதான் ரிலீப். வாரத்துக்கு 40 பீரியட்டில் எனக்கு 34. மிச்சம் ஆறில்தான் கொப்பி திருத்த வேண்டும், பாடக்குறிப்பு எழுத வேண்டும். யாராவது லீவு என்றால் காலையில் ஒரு துண்டு வரும், "3ஆம் பாடம் தரம் 8 ரிலீப்". அந்த ஆறும் போய்விடும். மூன்று வகுப்புக் கொப்பிகளை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு பத்தரைக்குத் திருத்துகிறேன், அதற்கிடையில் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் "மிஸ், நாளைக்கு என்ன கலர் உடுப்பு?".

சம்பளம் கூட்டினால் சந்தோஷம். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் ரிலீப்புக்கு என்றே ஒரு ஆளை வைக்கச் சொல்வேன். வாத்தியார் சேர் மாதிரி ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் ஸ்டாப் ரூமில் இருந்தால் எங்கள் ஆறு பீரியட்டும் எங்களுக்கே. இரவு ஏழுக்குப் பிறகு குழுவைப் பூட்டி வையுங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

மூன்று_பிள்ளை_அம்மா

ஐயோ, உடுப்புக் கலர் கேட்டது நான் இல்லை 😄 ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்றதும் ஒரு பயம். தடி எடுக்க மாட்டார்களா?

தலவாக்கலை_வாத்தியார்

நியாயமான பயம் அம்மா. 2005இலேயே உடல் தண்டனை கூடாது என்று சுற்றறிக்கை வந்தது, அதன் பிறகும் எங்கள் காலத்து ஆட்கள் சிலர் அடிமட்டத்தை அளப்பதற்கு மட்டும் பாவிக்கவில்லை என்பது உண்மை. அதனால் ஓய்வுபெற்றவர் என்றாலும் ஊவா அக்கா சொன்ன மாதிரி வகுப்பில் விட்டுப் பாருங்கள். வயதுக்கு மரியாதை என்று சோதிக்காமல் எடுக்காதீர்கள். எங்களையும் இருபது நிமிடம் பின்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம்.

இன்னொன்று, தம்பி நிர்வாகி, அனுபவம் இல்லாத பிள்ளையை எடுத்தால் முதல் தவணை முழு நேரசூசி கொடுக்காதீர்கள். என்னைப் போல ஒரு கிழவன் பக்கத்தில் இருந்தால் வாரத்தில் இரண்டு பாடம் உட்கார்ந்து பார்த்து, பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லலாம். புத்தகத்தில் குறை எழுதி அதிபரிடம் கொடுக்கிற பார்வை வேண்டாம், அது பொலிஸ் வேலை.

ஊவா_அக்கா

@ரிலீப்_ராணி நியமனம் கிடைக்காமல் வயதெல்லைக்குக் கிட்ட வந்துவிட்டவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. தனியாரில் பத்து வருடம் படிப்பித்தாலும் அரச சேவைக் கணக்கில் அது சேராது. கையில் ஒன்றுமில்லாமல் நின்றுவிடுவோமோ என்ற பயம். அதற்கு நாங்கள் செய்தது, திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பாடசாலை கட்டுகிறது, பொல்கொல்லையில் இருக்கிற அதன் நிலையத்துக்குப் போக வேண்டிய நாட்களில் லீவு வெட்டுவதில்லை. படித்து முடித்ததும் சிலர் போவார்கள். ஆனால் படிக்கிற காலம் முழுக்க நிற்கிறார்கள், நல்லாவும் படிப்பிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

ஈ.பி.எப். பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். புதிய தனியார் பாடசாலை தொடங்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருப்பதால் இந்த மாதிரி இடங்கள் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனியாகத்தான் பதிவாகியிருக்கும். கம்பனி என்றால் மற்றக் கம்பனி மாதிரித்தான், முதல் மாதத்தில் இருந்து ஈ.பி.எப். கட்ட வேண்டும், "தகுதிகாண் காலம் முடியட்டும்" என்ற கதை கிடையாது. ஆசிரியரிடம் பிடிக்கிற 8 வீதம் சீட்டில் தெரிகிறது, அது உண்மையில் கட்டப்படுகிறதா என்பதுதான் கேள்வி. வருடத்தில் ஒரு தரம் மீதிக் கூற்றைக் கையில் கொடுங்கள். தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு ஈ.பி.எப். காசின் அருமை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வீடு கட்டியது, பிள்ளையைக் கட்டிக் கொடுத்தது எல்லாம் அந்தக் காசில்தான். ஓய்வூதியத்துக்கு ஈடு இல்லைதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்ற பயம் போகும்.

ஹட்டன்_நிர்வாகி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. கட்டணத்தைப் பன்னிரண்டால் பிரிப்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வைக்கிறேன், டிசம்பர் முழுச் சம்பளம் அதோடு சேர்ந்து வரும். ரிலீப்புக்கு ஒருவர் வைப்பதற்கு முதலாளிமாரிடம் பேச வேண்டும், ஆனால் அந்த 90,000 கணக்கைக் காட்டினால் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வட்ஸ்அப் குழு நேற்றிரவில் இருந்தே ஏழு மணிக்குப் பூட்டு. இதுவரை இரண்டு தந்தைமார் கோபம்.

சம்பளத்தில் ஆளுக்கு 5,000 என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியாது. இரண்டு வருடம் தாண்டியவர்களுக்கு முதலில் என்று நினைக்கிறேன். புதிதாக வருபவர் பழையவரைவிடக் கூடச் சம்பளத்தில் சேர்கிற நிலை எங்களிடம் இருக்கிறது, கணித ஆசிரியர் என்றால் பேரம் பேசி வாங்கிவிடுகிறார்கள். அதுவும் உள்ளுக்குள் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு யாராவது வழி செய்திருக்கிறீர்களா?

ஊவா_அக்கா

பாடத்துக்கு என்று தனியாக ஒரு கொடுப்பனவு வையுங்கள், அடிப்படைச் சம்பளம் எல்லாருக்கும் சேவைக்காலத்துப்படி ஒன்று. கணிதம், விஞ்ஞானம் எடுப்பவருக்கு இவ்வளவு என்று எழுதி ஸ்டாப் ரூமில் ஒட்டிவிடுங்கள். ஒளித்துக் கொடுத்தால்தான் புகையும். ஆரம்பப் பிரிவு மிஸ்மார் "எங்களுக்கு ஏன் இல்லை" என்று கேட்பார்கள், கேட்கட்டும். அவர்களுக்கு உதவி ஆசிரியர் ஒருவர் கொடுத்தோம், அதன் பிறகு சத்தம் குறைந்தது.

நேர்பேச்சு

ஒட்டினால் பக்கத்துப் பாடசாலைக்காரன் பார்த்து ஆயிரம் கூட வைத்துக் கூப்பிடுவான்.

ரிலீப்_ராணி

ஆயிரத்துக்குப் போகிறவர் எப்படியும் போவார் சேர். நிர்வாகி சேர், அந்த ரிலீப் ஆள் வந்ததும் இங்கே சொல்லுங்கள், எங்கள் அதிபருக்கு லிங்கை அனுப்ப வேண்டும்.

தலவாக்கலை_வாத்தியார்

ஹட்டன் என்றால் எனக்குக் காலை ரயில் சரி. செவ்வாய், புதன், வியாழன். தனிமடல் போடுங்கள் தம்பி.